தாலி கட்டும் நேரத்தில் இறங்கிய மந்திரி

வீட்டில் ஒரு வெறும் கசெற் இருந்திருந்தால் இது நடந்திராது. எழுபதுகளில் பிரெஞ்சுக்காரர் எடுத்த அரசியல் படங்கள் என்றால் எனக்கு உயிர். மந்திரி கொலை செய்வார், பழி ஓர் அப்பாவியின் தலையில் விழும். மூடி மறைப்பவர்களைக் கண்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும். இதை நீங்கள் மறக்கக்கூடாது.

எண்பத்தொன்பதில் தொலைக்காட்சியில் அப்படி ஒரு படம் தொடங்கியபோது கையில் அகப்பட்டது தங்கை சுலோச்சனாவின் கலியாண வீடியோ. லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும் அதை முழுசாகப் பார்த்துத்தான் வடையைக் காணலாம். யாரும் அழித்துப் பதியாதபடி, தங்கையின் கணவர் குருமூர்த்தி கசெற்றின் ஓரத் தகட்டை உடைத்து வைத்திருந்தார். திரும்பப் பதியலாம் என்று அந்த ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டினேன். நான் மிருகமில்லை. ஆட்கள் சாப்பிடும் இடமாக இருக்கும் என்று நினைத்து, நடுவில்தான் பதியத் தொடங்கினேன்.

விசா கிடைக்காமல் தன் மகன் குருமூர்த்தியின் கலியாணத்துக்கு வராதிருந்த கமலாம்பிகை மாமி, அடுத்த கிழமையே பாரிஸிலிருந்து வந்துவிட்டார். மாமிக்காகக் கசெற்றைப் போட்டார்கள். ஐயர் கையை உயர்த்தினார், கெட்டிமேளம் முழங்கியது, குருமூர்த்தி தாலியோடு குனிந்தார். அடுத்த கணம் மந்திரி ஒருவர் கறுப்புக் காரிலிருந்து இறங்கினார்.

சுலோச்சனா ஓவென்று அழுதாள். நான் அமைதியாக, “மச்சான், நீங்கள் புட்போல் பதியேக்கை மாறிப்போச்சோ?” என்று மட்டும் கேட்டேன். கேள்விதானே, குற்றச்சாட்டு இல்லை. அவர் வாய் திறக்குமுன்னே தங்கை அவர்மேல் தலையணையால் எறிந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாமி கொண்டுபோக எண்டு எடுத்த கொப்பிக் கசெற் இருக்குத்தானே” என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

குருமூர்த்தி நிறுத்தப் போனார். “நிப்பாட்டாதை மோனை,” என்றார் மாமி. பாரிஸில் இருந்ததால் அவருக்குப் பிரெஞ்சு நன்றாக வந்திருந்தது. “உந்தப் பொடியன் செய்யேல்லை. மந்திரிதான் ஆளைக் கொலை செய்தவன்.”

மகனின் கலியாணம் மாமிக்கு மறந்தே போனது. கடைசியில் நீதிபதி மந்திரியின் கதவைத் தட்டினார். கசெற் முடிந்தது.

“ஐயோ, மிச்சம் எங்கை?”

படம் பார்க்கிறவரின் தவிப்பு எனக்குத் தெரியும். “மற்றக் கொப்பியிலை, மாமி,” என்றேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் மாமியைத் தவிர ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. ஓர் அப்பாவியை எல்லாரும் சேர்ந்து எப்படி ஒதுக்குவார்கள் என்பதை அந்தப் படங்களில் அப்படியே காட்டியிருப்பார்கள்.