முதலில் மேல் போல்ட்

கியர் பாக்ஸ் எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு, ஐயா. அழுகிய முட்டையும் எரிந்த ரப்பரும் சேர்ந்த மாதிரி இருக்கும். சட்டையில் பட்டால் மூன்று துவைப்புக்கும் போகாது. என் மனைவி உயிரோடு இருந்தவரை என் சட்டைகளைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள். நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னீர்கள். எங்கே தொடங்குவது என்று யோசித்தேன், அந்த வாடைதான் முதலில் வந்தது.

நாற்பது வருடமாக மெக்கானிக் வேலை. மனைவி போனபோது மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டால் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவாள். கைக்குழந்தையாக இருந்தபோது கிடைத்த நட்டையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டதால் அவளுக்கு நட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. "என்னம்மா, நட்டு கழண்டிருச்சா?" என்று வாடிக்கையாளர் யாராவது கேலி செய்தால், "எங்க, உங்க வண்டியிலயா, தலையிலயா?" என்று திருப்பிக் கேட்பாள். வாய் ஜாஸ்தி. அவள் இருந்தால் வீட்டில் பத்துப் பேர் இருக்கிற மாதிரி இருக்கும்.

வண்டிக்கடியில் நான் படுத்தால் அவளும் பக்கத்தில் படுத்து டார்ச் பிடிப்பாள். அதனால் ஒரு விஷயம் எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவளுக்கும் தெரியும். கியர் பாக்ஸில் இரண்டு போல்ட். மேல் போல்ட் எண்ணெய் ஊற்ற, கீழ் போல்ட் எண்ணெய் வடிக்க. எப்போதும் மேல் போல்ட்டைத்தான் முதலில் திறக்க வேண்டும். பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். கீழே திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, பிறகு மேல் போல்ட் அசையவில்லை என்றால், காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் இந்த வரிசையை மாற்றியதில்லை.

மாப்பிள்ளை முதலில் வாடிக்கையாளராகத்தான் வந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு, என் மகளைவிட வயதில் மூத்தது. வண்டியைக் காட்ட வந்தவர் பெண்ணைப் பார்த்துவிட்டார். அவர் நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. என் மகளைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

கல்யாணம் முடிந்து நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு ஆளுக்கு மட்டும் சமைப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டு பேருக்குச் சமைத்து ஒரு பங்கைக் கொட்டுவேன். போனில் பேசுவாள், பேசாமல் இல்லை. ஆனால் போனை வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும். அந்தப் பாழாய்ப்போன அமைதியை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா.

முதல் வருடம் முடிந்து வண்டியைக் கொண்டுவந்தார்கள். கியர் பாக்ஸ் எண்ணெய் மாற்ற வேண்டும். பட்டறை அலமாரியில் இரண்டு வகை வைத்திருப்பேன். நாங்கள் நாலாம் நம்பர், ஐந்தாம் நம்பர் என்போம். அந்தக் காலத்து கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கும். கியர் மாற்றும்போது பல்லும் பல்லும் முட்டாமல் வேகத்தைச் சமப்படுத்துவது அவைதான். நாலாம் நம்பர் அவற்றை ஒன்றும் செய்யாது. ஐந்தாம் நம்பர் பின் அச்சுக்கான எண்ணெய், காரம் அதிகம், நாளடைவில் பித்தளையை அரித்துவிடும்.

மாப்பிள்ளை இரண்டு டப்பாவையும் பார்த்துவிட்டு, "நாலை விட அஞ்சுதானே மாமா பெருசு? அப்ப அதுதானே நல்லது?" என்றார்.

அந்தத் தப்பை எல்லோரும் செய்வார்கள். நானும் அதைத் திருத்தித்தான் பழக்கம். அன்று ஏனோ, "ஆமா மாப்பிள்ளை, அஞ்சே ஊத்திடலாம்" என்றேன். நான் செய்தது அவ்வளவுதான், தலையாட்டினேன்.

மூன்றே மாதத்தில் மூன்றாவது கியர் கத்த ஆரம்பித்தது. "மாமா, கியர் போடும்போது கரகரன்னு பல்லைக் கடிக்குது" என்று போன் செய்தார். "பழைய வண்டி மாப்பிள்ளை, அப்படித்தான் மக்கர் பண்ணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாத்தினா தாக்குப்பிடிக்கும். கொண்டு வாங்க" என்றேன்.

வந்தார்கள். வந்தால் இரண்டு நாள் தங்குவார்கள். மகள் சமையலறையில் பாத்திரங்களை உருட்டுவாள், என் சட்டைகளைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வாள், அவள் அம்மா மாதிரியே திட்டுவாள். ஒவ்வொரு முறையும் பழைய எண்ணெயை வடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். உள்ளே பித்தளைத் தூள் மின்னும். அதைப் பார்த்தால் எனக்கு மனசு குளிர்ந்துவிடும். மறுபடியும் ஐந்தாம் நம்பரையே ஊற்றுவேன். இப்படி மூன்று வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் மகள் வீட்டுக்கு வந்தாள்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். போன வருடம் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். "இந்த வண்டியோட இனிமே மல்லுக்கட்ட முடியாது மாமா. வித்துட்டேன். மலைக்கு அந்தப் பக்கத்துல ஒருத்தர் ஆசைப்பட்டுக் கேட்டார். எனக்கு வெளிநாட்டுல வேலையும் கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் ரெண்டு பேரும் கிளம்புறோம்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சு வருஷந்தான்ப்பா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் வண்டியை வாங்குபவரிடம் சேர்க்க வேண்டும். மாப்பிள்ளை கடைக்குப் போய் ஒரு டப்பா எண்ணெய் வாங்கி வந்தார். நாலாம் நம்பர். கடைக்காரர் விவரம் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு என்மேல் சந்தேகம்கூட வரவில்லை. "நாமதான் தெரியாம இத்தனை நாளா மாத்தி ஊத்திட்டோம் போல மாமா. வாங்குறவராவது நிம்மதியா ஓட்டட்டும், பாவம்" என்று சிரித்தார். நாம் என்றார், ஐயா. என்னையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

காலையில் மழை பிடித்துக்கொண்டது. பட்டறைத் தகரக் கூரையில் சத்தம் காதைப் பிளந்தது. என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு அடியில் படுத்தேன். பத்து நிமிடத்தில் எழுந்து வந்து கையைத் துடைத்தேன். "முடிஞ்சுதா மாமா?" என்றார். "முடிஞ்சுது மாப்பிள்ளை" என்றேன்.

மலை ஏறி இறங்கும்போது கியர் பாக்ஸ் இறுகி, பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வளைவில் வண்டி நிற்கவில்லை. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார்.

கியர் பாக்ஸ் வறண்டு கிடந்ததாகச் சோதனையில் தெரிந்தது. நசுங்கிப்போயிருந்ததால் போல்ட்டுகளைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. கிழவன் கீழ் போல்ட்டை முதலில் திறந்து வடித்திருப்பான், துருப்பிடித்த மேல் போல்ட் அசைந்திருக்காது, பிறகு மறந்தே போயிருப்பான் என்று முடிவு செய்தார்கள். நானும் ஆமாம் என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். மகள்கூட, "உங்களுக்கும் வயசாயிருச்சுப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு எட்டு மாதம் என்னோடு இருந்தாள். இரண்டு பேருக்குச் சமைத்தோம், இரண்டு பேர் சாப்பிட்டோம். அந்த நாட்களில் அவள் யாரையும் கேலி செய்யவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். கேட்கும்போது என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கும். அதே நேரத்தில், பக்கத்து அறையில்தானே அழுகிறாள் என்றும் தோன்றும்.

போன வாரம் பட்டறை அலமாரியை ஒதுங்கவைத்தாள். மூலையில் மாப்பிள்ளை வாங்கிவந்த நாலாம் நம்பர் டப்பா இருந்தது. மூடியில் சீல் பிரிக்காமல் இருந்தது. அதைக் கையில் எடுத்து மூடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை தொறக்குற போல்ட் எப்படிப்பா துருப்பிடிக்கும்? அன்னைக்கு எதை முதல்ல தொறந்தீங்க?"

மற்ற எதில் வேண்டுமானாலும் அவளிடம் பொய் சொல்லியிருப்பேன். இதில் முடியவில்லை. "மேல் போல்ட்டும்மா" என்றேன்.

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, குடைகூட எடுக்காமல் நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க வருவாளா என்று உங்களிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆக, நடந்தது இது. மேல் போல்ட்டை முதலில் திறந்தேன், லேசாகத் திரும்பியது. கீழே வடித்தேன். கீழ் போல்ட்டை மாட்டினேன். புது டப்பாவைத் தூக்கினேன், மறுபடியும் கீழே வைத்தேன். மேல் போல்ட்டையும் மாட்டி இறுக்கினேன். வண்டி பாதி வழியில் மூச்சுவிட முடியாமல் நின்றுவிடும், வாங்குபவர் வேண்டாம் என்பார், பயணம் கொஞ்ச நாள் தள்ளிப்போகும் என்றுதான் கணக்குப் போட்டேன். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை.

இன்னொன்றும் கேட்டீர்கள். மகளும் கூடவே போவதாகத்தானே இருந்தது, அவள் எப்படித் தப்பினாள் என்று.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டாள். நான் போய்க் கதவைத் திறந்தேன். குனிந்து என் கையாலேயே பெல்ட்டைக் கழற்றினேன். "நீ இறங்கு நட்டு. அவர் மட்டும் போயிட்டு வரட்டும்" என்றேன். மாப்பிள்ளையும், "ஆமா, நீ அப்பாகூட இரு" என்று சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

வண்டி வழியில் நின்றுபோனால் பாவம், பிள்ளை வெயிலில் நிற்க வேண்டுமே என்றுதான் இறக்கினேன். எட்டு மாதமாக எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உங்களுக்காக எழுதும்போதுதான் கை நிற்கிறது. அன்று வெயிலே இல்லை, ஐயா. காலையிலிருந்தே மழை.