சந்து விட்டு ஏற்றியவன்

ஆறாம் வகுப்பு தாண்டாதவன் நான். ஓட்டை லோரி ஒன்றில் ஆரம்பித்து ஏழு லோரி ஓடவிட்டேன், மலைமேல் கோலா தெர்லாவில் சொந்தக் காய்கறி ஸ்டோர் கட்டினேன். நேற்று தானா ராத்தா பஸ் வரிசையில், எனக்கு முன்னால் ஒரு லோரிக்காரன் கால் மாற்றி மாற்றி நின்று கூட்டாளியிடம் புலம்பினான்.

“முட்டைக்கோசும் மூச்சு விடுமாம் லா.”

“என்னடா உளறுற?”

“கூடைங்களுக்கு நடுவுல காத்துக்குச் சந்து விடாம ஏத்திட்டேன். கேஎல் டவுன் மார்க்கெட்டுக்குப் போறதுக்குள்ள வெந்துபோச்சு. இன்னொரு லோடு கெட்டா வேலை போயிடும்.”

“சந்து விடணும்னு யாரு சொன்னா?”

“புது மேனேஜர். அவரு கண்டுபிடிச்சதாம். படிச்சவரு லா.”

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். என் பஸ் இன்னும் வரவில்லை. இந்த மலையில் முதன்முதல் சந்து விட்டு ஏற்றியவன் நான். ‘காத்தை ஏத்திக்கிட்டுப் போறான் பைத்தியம்’ என்று அன்றைக்குச் சிரித்தார்கள். மேனேஜர் தாராளமாகச் சொல்லித் தரட்டும். என் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.