இரண்டு கொக்கிகளுக்கு ஏழு நிமிடம்

நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் கேட்காமலே போட்டுக் கொடுத்துவிட்டீர்கள், பரவாயில்லை, குடித்துவிட்டேன்.

உங்கள் விபத்து அறிக்கையில் ஒரு சொல்லைத் திருத்தத்தான் வந்தேன். 'பரிசோதகரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரிசோதனை மேஜையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கவனக்குறைவு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

எங்கள் கம்பெனி உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைத் துடைக்கிறது. ஆட்கள் இடுப்புவார் மாட்டிக் கயிற்றில் தொங்குவார்கள். வாரையும் கயிற்றையும் இணைக்க ஆளுக்கு இரண்டு கொக்கிகள். ஒன்று விட்டால் மற்றது பிடிக்கும். கொக்கியின் மேல் நகப்பூச்சு கனத்தில் ஒரு பூச்சு. வெளிச்சத்தில் அது பால் வெள்ளை. கறுப்புப் பெட்டிக்குள் வைத்து ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். கொக்கி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் இழுபட்டிருந்தால், பூச்சுக்குள் வரிசையாக அடுக்கியிருக்கும் மூலக்கூறுகள் கலைந்துபோய் ஆரஞ்சாக ஒளிரும். ஆரஞ்சு தெரிந்தால் அந்தக் கொக்கியை ரம்பத்தால் அறுத்துக் குப்பையில் போட வேண்டும். அதுதான் என் வேலை.

இன்னொன்றும் உண்டு. புதிதாகப் பூச்சு தடவும்போது பிரஷ் அழுத்திய இடங்களும் ஆரஞ்சாகத் தெரியும். ஹீட் கன்னால் கொஞ்ச நேரம் சூடான காற்றைக் காட்டினால், கலைந்தது மறுபடி அடுக்கிக்கொள்ளும், பச்சை வந்துவிடும். பூச்சுக்கு மறதி உண்டு. இரும்புக்குக் கிடையாது.

இறந்தவன் என் மனைவியின் தம்பி. சுவரோடு ஒட்டிக்கொண்டு திரிந்ததால் கம்பெனியில் எல்லோருக்கும் அவன் பல்லி. தினமும் காலையில் என் ஜன்னலில் தலையை நீட்டுவான்.

"மாமா, என் ஆயுசு எப்படி?"

"பச்சை."

"அப்ப சரி. நீங்க பச்சைன்னுட்டா நான் கண்ணை மூடிக்கிட்டுத் தொங்குவேன்."

அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அடுப்பில் இருக்கும் சட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பான். என்னைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "பச்சை. சாப்பிடலாம்" என்பான். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "போதும்டா, வயிறு வலிக்குது." அவன் வராத நாட்களில் பிரிட்ஜ் ஓடும் சத்தம்தான் கேட்கும். ஒருநாள் நானும் சட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். "ஏன், எதுவும் விழுந்துடுச்சா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு ஆளிடம் இவ்வளவு சிரிப்புதான் என்று ஓர் அளவு இருக்கிறது. அதை அவன் வழித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மொட்டை மாடியில் கயிறுகளைக் கட்டியிருந்த கம்பி நழுவி, பிறகு சிக்கி நின்றது. பல்லி ஒரு மாடி உயரம் விழுந்தான். இரண்டு கொக்கிகளும் பிடித்துக்கொண்டன. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாற்காலியிலிருந்து குதித்து அதை நடித்தே காட்டினான். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு என் கையைப் பிடித்தாள்.

"நீங்க பார்த்துக் குடுத்த கொக்கி. அதான் இவன் உசுரோட நிக்கிறான்."

"மாமா இல்லன்னா நான் தரையில ஒட்டின பல்லி, அக்கா."

அவள் என் கையை விட்டுவிட்டு அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள்.

புதன்கிழமை காலை கொக்கிகளைப் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டும் ஆரஞ்சு, கழுத்து வளைவில் அடர்த்தியாக. என் இடது கைப்பக்கம் ரம்பம், வலது கைப்பக்கம் ஹீட் கன். இரண்டு கொக்கிகளுக்கும் சேர்த்து ஏழு நிமிடம் ஆயிற்று. ஒன்றை மட்டும் சூடாக்கிவிட்டு மற்றதை அறுத்துப் போட்டிருக்கலாம். அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

பல்லி வந்தான். "நேத்து அந்த இழு இழுத்திருக்கு மாமா. இன்னுமா பச்சை?"

பெட்டியைத் திருப்பி அவனையே பார்க்கச் சொன்னேன்.

"அட, ஆமா" என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்தது பச்சைதான்.

கொக்கிகள் எட்டு நாள் தாங்கின. தினமும் பார்த்தேன். ஐந்தாம் நாள் கழுத்தில் லேசாக ஆரஞ்சு திரும்பியிருந்தது. மறுபடி சூடு காட்டினேன். கவனமில்லாத ஆள் இதைச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள். ஒன்பதாம் நாள் காலை பதினொன்றரைக்கு ஒன்று விட்டது. மற்றது பிடிக்கப் பார்த்துவிட்டு அதுவும் விட்டது.

உடைந்த துண்டுகளை உங்கள் ஆட்கள் ஊதா விளக்கில் பார்த்தார்கள். ஆரஞ்சாகத்தான் இருந்திருக்கும், உடையும்போது வரும் ஆரஞ்சுக்குள் பழைய ஆரஞ்சு தெரியாது. நானாக வராவிட்டால், ஒழுங்காகப் பார்க்காமல் விட்டுவிட்டான் என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, தெரிந்தே கொன்றான் என்று எழுதுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. வீட்டில் அவள் தனியாக இருப்பாள். அவன் போய்ப் பதினாறு நாளாகிறது. இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் வேறு யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.