செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

"ஹலோ... அண்ணே, நான்தான்... ஆமா, வீட்லேர்ந்துதான். ஒண்ணும் ஆகல, ஏன் பதறுறே? காருதான். செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல... கேக்குதா? இரு, போனைக் கிட்ட வைக்கிறேன்... கேட்டியா? சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்க மாட்டேங்குது."

கேட்கக் கூடாத ஆளிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பழைய காரின் வயிற்றுக்குள் கையை விட்டவன் அவளுடைய அண்ணன் ஒருவன்தான். தைத்துத் தைத்து அவளே சம்பாதித்து வாங்கிய கார், அவள் பெயரில்தான் இருக்கிறது. இருந்தும், "என் கை படாம இது நகராது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். கல்யாணம் முறிந்து அவன் வீட்டுக்கு வந்தவள், இன்று அவனிடம் சொல்லாமலே வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். கிளம்புவதற்கும் அவனிடமே வழி கேட்க வேண்டியதாகிவிட்டது, என்ன கொடுமை!

"எங்கே போறேனா? சும்மா, நூல் வாங்க... அட, நூல் வாங்க காரு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? நீ வண்டியைப் பத்திச் சொல்லு."

நூல் வாங்கவா? மார்க்கெட் தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒற்றை அறை. தையல் கடைக்கென்று பேசி முடித்தாகிவிட்டது, பின்னால் படுக்கவும் இடம் உண்டு. வீட்டுக்காரம்மா மத்தியானம் வரைதான் சாவியைக் கையில் வைத்திருப்பாள். நேரத்துக்குப் போய் வாங்காவிட்டால், அதே அறையைக் கேட்டுச் செல்போன் ரிப்பேர் செய்கிறவன் ஒருவன் வாசலிலேயே நிற்கிறான்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. லைட்டு மங்கல. சுத்துறதும் வேகமாத்தான் சுத்துது... பெட்ரோலா? பாதி டேங்க் இருக்குண்ணே, எனக்கு முள்ளு பாக்கத் தெரியாதா?... முள்ளுக்குப் பக்கத்துல அந்தச் சாவி படம் போட்ட லைட்டா? எரியல. அணைஞ்சிருக்கு... சரி. சரி. சாவியைப் பாதி திருப்பிட்டு, பின் சீட்டுப் பக்கம் காதை வைக்கணும். ம்... சும்மா இரேன்! நீ பேசிக்கிட்டே இருந்தா எனக்கு எப்படிக் கேக்கும்?"

பின் சீட்டில் மடித்து வைத்திருந்த துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். வழக்கமாகச் சாவியைத் திருப்பினால் அடியில் ஒரு முனகல் கேட்கும். இப்போது ஒன்றையும் காணோம்.

"இல்லண்ணே. சத்தமே இல்ல... ஓ, பெட்ரோலே மேல ஏறலையா? அப்போ பம்புதான் போச்சா?... ஃப்யூஸா? ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற மூடிதானே. ஆமா, ஆமா, நீ பார்க்கும்போது பார்த்திருக்கேன்... உருவிட்டேன். கம்பி முழுசா இருக்கு, அறுந்து போகல... தெரியும்ணே, கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பார்க்கிறேன். ஊசியில நூல் கோக்கிறவளுக்கு இது தெரியாதா?... ம், திரும்பச் சொருகிட்டேன்."

திட்டு விழும் என்று நினைத்தாள். அண்ணனோ உற்சாகமாகிவிட்டான். வண்டிக்கு நோவு என்றால் அவனுக்குத் தலைகால் புரியாது, கேள்வி மேல் கேள்வி. பதில் சொல்லச் சொல்ல அவளுக்கும் வந்த வேலை மறந்துபோனது. ஆழம் தெரியாமல் காலை விடுவது இப்படித்தான்.

"காலையில ஓடிச்சே! ஷெட்டுலேர்ந்து வாசல் வரைக்கும் நானே ரிவர்ஸ்ல எடுத்தேன், ஒரு குறையும் இல்ல... அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகல. எங்கேயும் இடிக்கல... இடிக்கலன்னா இடிக்கல. சாமான் ஏத்தும்போதுதான், டிக்கியில மெஷின் தலை கை நழுவி இடது பக்கம் போய் ணங்குன்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பயன்?

"ஹலோ?... அண்ணே? ஏன் பேச்சையே காணோம்?... மெஷினா? ஆமா, மெஷின்தான்... தையல் மெஷின்தான், வேற என்ன மெஷின் இருக்கு எங்கிட்ட?... நானேதான் தூக்கினேன். தனியாத் தூக்கினதாலதான் நழுவிச்சு."

பச்சைப் பொய். மெஷினின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தவள் அண்ணி. நழுவியதும் அண்ணியின் கைதான். அவள் இப்போது வாசற்படியில் நின்று, வாயைத் திறக்காதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு? கேட்டுக்கோ. நான் போறேன். கடை பார்த்துட்டேன். அங்கேயே தங்கிக்கப் போறேன்... ஊரு என்ன சொல்லும்? ஊருக்கு என்ன, சட்டை தைக்கணும்னா கடைக்கு வரும்... சோறு போட்டே, இல்லேங்கல. யாரு இல்லேன்னா? உன் சோத்தைத் தின்னுட்டுத்தான் உன் பிள்ளைங்களுக்கு யூனிஃபார்ம்லேர்ந்து உன் வீட்டுத் திரைச்சீலை வரைக்கும் தைச்சேன்... கணக்குப் பார்க்கல! நீ ஆரம்பிச்சே, நான் சொன்னேன்."

மெஷின் முதலில் கூடத்து ஜன்னலோரம் இருந்தது. விருந்தாளி வருகிறார்கள் என்று வராந்தாவுக்குப் போனது, அங்கிருந்து வெளிச்சமில்லாத சாமான் அறைக்குப் போனது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது போன வாரம் நடந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கெல்லாம் சீருடை தைக்கும் வேலை. எடுத்துப் பேசியவன் அண்ணன்.

"'அவ வெளி வேலை எடுக்கிறதில்ல'ன்னு சொன்னியே, அந்த 'அவ' யாரு? நானா? எங்கிட்டே ஒரு வார்த்தை கேட்டியா? என் போனு, என் மெஷின், என் கை. 'வேண்டாம்'ங்கிறது மட்டும் உன் வாயா?... நல்லதுக்கா? உன் நல்லதை நீயே வச்சுக்கோ! நானே திரும்பக் கூப்பிட்டுப் பேசிட்டேன், வேலை எனக்குத்தான்... அழல, நான் ஒண்ணும் அழல. வண்டிக்கு என்ன செய்யணும், அதைச் சொல்லு."

மறுமுனையில் பெருமூச்சு.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல? மெஷின் இடிச்சதுன்னு சொன்னதுமே பேச்சை நிறுத்திட்டே. தெரிஞ்சுக்கிட்டு மறைக்கிறே... என்ன பட்டன்?... 'ஒரு பட்டன்தான், நான் வந்து பார்த்துக்கிறேன்'னா? பட்டன் தைக்கிறவகிட்டயே பட்டனை ஒளிக்கிறியா? எங்கே இருக்கு?... சொல்ல மாட்டியா? சொல்லாதே!... பைக்கை எடுக்கிறே, சத்தம் கேக்குது. வா. நீ வர்றதுக்குள்ள நான் கண்டுபிடிக்கிறேன்."

அவனுடைய மெக்கானிக் பட்டறை பக்கத்துத் தெருவில்தான். அவன் வந்து நின்றால் சத்தம் போட மாட்டான், அதுதான் ஆபத்து. மெஷினை மெல்ல இறக்கி வைப்பான், "சாப்பிட்டியா?" என்பான். அவளும் கரைந்துபோய் உள்ளே போவாள். முன்பு இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு டிக்கியைத் திறந்தாள்.

"இடது பக்கம்தானே இடிச்சது, இடது பக்கம்தான் இருக்கணும்... நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் எனக்கே சொல்லிக்கிறேன்... உள்துணிக்கு அடியில ஏதோ தட்டுப்படுது. மேல ஒரு ஓட்டை. விரலு போகுது... அண்ணே! சிவப்பா ஒண்ணு மேல எழும்பி நிக்குது! இதுவா?... வாயை மூடிக்கிட்டா இதுதான்னு அர்த்தம். அமுக்கிட்டேன்... ஓ, இடி பட்டா பெட்ரோலை நிறுத்துற சுவிட்சா? வண்டி தீப்பிடிக்காம இருக்கவா? நல்ல சாமான்தான். இதை முன்னாடியே சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா?"

டிக்கியை மூடிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினாள். பின்னால் அந்த முனகல் கேட்டது. முழுதும் திருப்பினாள். கார் ஒரு தடவை உலுக்கிவிட்டு உறுமியது. வாசற்படியில் அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்குதா? உன் கை படல. நகருது பாரு!... பைக்கை நிறுத்திட்டியா? சத்தத்தைக் காணோம்... ம்... ம்... என்னது, திரும்பச் சொல்லு... 'போனா இந்த வாசலை மிதிக்காதே'ங்கிறியா?"

பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே வாசல் அது. இருந்தாலும் கியரைப் போட்டாள்.

"சரிண்ணே. மிதிக்கல... ஆனா நீ வரலாம், நான் உன்னை மாதிரி இல்ல. மார்க்கெட் தெரு, மாடிப்படிக்குக் கீழ, போர்டுல என் பேரு இருக்கும். தைக்கக் கொடுக்கணும்னா கொண்டு வா. அண்ணன்னு சொல்லிக்கிட்டு நேரா உள்ளே வந்துடாதே... ஆமா, உன்னைத்தான் சொல்றேன். வரிசையில நில்லு. வை போனை, நான் வண்டி ஓட்டணும்."