பூட்டில்லாத தப்பால் பை

மேடு ஏறுகிறவன் பையை இடது தோளில் மாட்டிக்கொள்வது நல்லது. வலது கை சும்மா இருந்தால் வழுக்குகிற இடத்தில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் ஏறுகிறேன். காலையில் ஹந்தானை மலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து இறங்குவேன். கீழே தபால் கந்தோரில் கடிதங்களை வாங்கிக்கொண்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஆபீஸ் மேசையில் கொண்டுபோய்க் கொட்டுவேன். தபாலை எங்கள் பக்கத்தில் தப்பால் என்போம். நான் தப்பால்காரன். பெயர் செல்லச்சாமி.

லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராக்களுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. நூற்றெண்பது குடும்பத்துக்கும் சேர்த்துத் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். கிளாக்கர் ராஜலிங்கம் ஐயா பெயர் பார்த்துப் பிரித்து, மறுநாள் காலை ஆட்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒன்றிரண்டு காணாமல் போவதும் உண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பையின் பூட்டு உடைந்தபோது புதுப் பூட்டு வாங்கலாமா என்று நான்தான் கேட்டேன். ராஜலிங்கம் ஐயா சிரித்தார்.

"எதுக்குய்யா பூட்டு? பை கைநாட்டுக்காரன் தோள்ல கெடக்கு. இதவிடப் பெரிய பூட்டு கண்டி டவுன்ல எந்தக் கடையில விக்கிது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாசிக்கத் தெரிந்தவன் அடுத்தவன் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பான் என்று, தப்பால் பையை எழுத்துத் தெரியாதவனிடம் கொடுப்பதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவரும் கைநாட்டுத்தான்.

என் மனைவி கமலம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எங்கள் மகன் தினுஷனுக்கு ஏழு வயது. அவள் எழுதிய கடிதங்களை நானே சுமந்து வருவேன். பிறகு பக்கத்துக் காம்பராவில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். அவள் எனக்கு மட்டும் சொல்ல நினைத்ததை லயமே கேட்டது. இரண்டு வருடத்தில் கடிதம் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டு எழுத என்னால் முடியவில்லை. இன்னொருவர் கையால் அதைக் கேட்டு எழுத வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு காம்பராவில் நானும் தினுஷனும்தான்.

அவன் கால்பந்து விளையாடுவதைப் பற்றி நான் சொன்னால் அப்பன் பெருமை என்பீர்கள். அதனால் மற்றவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். பிரட்டுக்களத்தின் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தவனை, டவுன் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். பதினேழு வயதில் டவுன் கிளப் அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. பத்திரத்தில் அப்பா கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். நான் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தேன். தினுஷன் தன் கைக்குட்டையை எடுத்து என் விரலைத் துடைத்தான். அந்தக் கைக்குட்டையைத் திரும்பப் பையில் வைக்காமல் அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

அந்த மாதமே ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துப் படிக்கப் போனேன். டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கான வகுப்பு நடந்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போகிறேன் என்று லயத்தில் சொன்னேன். மகனிடமும் அதையே சொன்னேன். அவன் என்றாவது வெளிநாட்டுக்கு ஆடப் போனால் முதல் கடிதம் என் கையால் போக வேண்டும், அதைப் பார்த்து அவன் அசந்துபோக வேண்டும். அப்போது என் மனதில் இருந்தது இவ்வளவுதான். இதையாவது நீங்கள் நம்பலாம்.

பத்தொன்பது வயதில் அவனுக்குக் கணுக்கால் முறிந்தது. அதில் என் கை இல்லை. எதிராளி ஒருவன் பின்னாலிருந்து மிதித்தான். ஆறு வாரம் காம்பராவிலேயே கிடந்தான். கக்கூசுக்கு முதுகில் தூக்கிக்கொண்டு போனேன். சோறு பிசைந்து கொடுத்தேன். கிளப் விடுதிக்குப் போன பிறகு மாதம் நாலு வார்த்தை பேசுகிறவன், அந்த ஆறு வாரமும் சளசளவென்று பேசினான். அம்மா முகம் மறந்துபோச்சு என்று சொன்னதும் அப்போதுதான். கட்டு அவிழ்த்து அவன் எழுந்து நடந்தபோது லயத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இருபத்தொரு வயதில் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டான். ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். நான் வேலை முடிந்த கையோடு காக்கிச் சட்டையும் பையுமாகப் போய்விட்டேன். போயிருக்கக் கூடாது. மாலைதீவு கிளப்பிலிருந்து அவனைப் பார்க்க ஒருவர் வந்திருந்தார். எங்கள் கிளப் செயலாளர் என்னைக் காட்டி யார் என்று கேட்டபோது, எங்கள் தோட்டத்து ஆள், ஆட்டம் என்றால் எங்கேயும் வந்துவிடுவார் என்று தினுஷன் சிங்களத்தில் சொன்னான். தப்பால் கந்தோரில் நான் தினமும் பேசுவது சிங்களம்தான். அது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் தலையை ஆட்டினேன். யாரோ ஒரு தட்டில் கேக் துண்டு கொடுத்தார்கள். சாப்பிட்டேன். இளவயதில் எல்லோரும் செய்வதுதான். அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

மாலைதீவில் இரண்டு வருட ஒப்பந்தம் பேசியிருந்தார்கள். போவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது லீக் ஆட்டத்தில், யாரும் தொடாமலே, திரும்பிய திருப்பில் முழங்கால் மடிந்தது. அவனோடு ஆடுகிற பஹ்மி, அலவத்துகொடப் பையன், தன் த்ரீவீலரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். உள்ளே ஜவ்வு அறுந்திருப்பதாக டொக்டர் சொன்னார். நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பஹ்மி என் தோளில் கை வைத்தான்.

"பயப்பட ஒண்டுமில்ல அங்கிள். ஒபரேசன் செஞ்சா ஒம்போது மாசத்துல திரும்ப ஆடுவான். செய்யாம இழுத்தாத்தான் உள்ளுக்குத் தேஞ்சு போகும். நாள் குறிச்சுக் கடிதம் போடுவாங்க, அத மட்டும் விட்றாதீங்க."

மாலைதீவுக்காரர்களும் நல்லவர்கள். அடுத்த பருவம் வரை இடம் வைத்திருக்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். ஆக, எல்லாம் அந்தக் கடிதத்தில்தான் இருந்தது.

கடிதம் மார்ச் மாதம் வந்தது. விலாசம் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவன் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று பனியன் முதுகில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். பாதி மேட்டில் ஒரு பாறையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். கெட்ட எண்ணத்தில் பிரிக்கவில்லை. என் மகனுக்கு வந்த கடிதத்தை நான் வாசித்து, நானே அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் பிரித்தேன். மூன்று மொழியிலும் அச்சடித்த படிவம் அது. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கக் கால்மணி நேரம் ஆனது. வரும் செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய், காலை ஏழு மணி, வெறும் வயிறு. வகுப்பில் வாசித்ததைத் தவிர, நான் என் வாழ்நாளில் முழுதாக வாசித்த முதல் தாள் அதுதான்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காம்பராவுக்குப் போனபோது தினுஷன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வந்துட்டீங்களாப்பா? இன்னைக்கு நான் சோறாக்கிட்டேன். உப்புத்தான் கூடிப்போச்சு, திட்டாதீங்க" என்றான். சாப்பிட்டேன். உப்பு அதிகம்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள், இன்னும்தான் நாள் இருக்கிறதே என்று நினைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தாளை அடுப்பில் வைத்தேன். அதன்மேல்தான் தேத்தண்ணி கொதித்தது. முதல் கோப்பையை அவனுக்குக் கொடுத்தேன்.

ஜூன் மாதம் பஹ்மி அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தான். கடிதம் மார்ச்சிலேயே அனுப்பினோம், நீங்கள் வரவில்லை என்று சொல்லி, பெயரை மறுபடி வரிசையின் கடைசியில் எழுதிக்கொண்டார்கள். திரும்பி வந்த பஹ்மி வாசலில் நின்று கத்தினான்.

"டேய், ஒங்கட தோட்டத்துத் தப்பால ஆமையாடா தூக்கிட்டு வருது?"

"பேசாம இரு. எங்கப்பாதான் தூக்கிட்டு வாராரு" என்று சிரித்தான் தினுஷன். பிறகு என் பக்கம் திரும்பினான். "அப்பா, நீட்டு உறையில வரும். மூலையில முத்திரை குத்தியிருக்கும். நீங்க வாசிக்கல்லாம் வேணாம். அந்த மாதிரி எது வந்தாலும் எங்கிட்டக் காட்டுங்க, என்னா?"

"சரிப்பா" என்றேன்.

அந்த இடைவெளியில் சும்மா இருக்க முடியாமல் முழங்காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடினான். முதல் ஆட்டத்தில் கோல் போட்டான். இரண்டாவதில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காலில் எண்ணெய் தேய்த்து, கட்டுப் போட்டு விட்டது நான்தான். ஆடினால் என்ன ஆகும் என்று பஹ்மி எனக்குச் சொல்லியிருந்தான்.

இரண்டாவது கடிதம் ஒக்டோபரில் வந்தது. இந்த முறை வாசிக்கக் கால்மணி நேரம் ஆகவில்லை. பிரித்த இடத்திலேயே சிறு துண்டுகளாகக் கிழித்துப் பாதையோரத் தண்ணீர்க் கானில் போட்டேன். மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கடிதமும் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியாகிவிட்டது என்று தை மாதம் தெரிந்ததும் தினுஷன் நொண்டிக்கொண்டே ஆபீசுக்கு ஏறினான். நான் பின்னால் போனேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். கடிதங்களைப் பிரிக்கிறவர் ராஜலிங்கம் ஐயாதான் என்பதால் அவன் நேராக அவர் மேசைக்குப் போனான்.

"ரெண்டு தரம் ஐயா. ரெண்டு தரம் என் லெட்டரத் தொலைச்சிருக்கீங்க. என்னா கோவம் எம்மேல?"

"தம்பி, ஏம் புள்ளைங்க சத்தியமா அப்பிடி ஒரு உறைய நான் கண்ணால பாக்கல. பை இந்த மேசைக்கு வர்றதுக்கு மொத ஒங்கப்பன் தோள்லதான வருது? அங்க கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தினுஷன் பார்க்கவில்லை. மேசையில் ஓங்கி அறைந்தான்.

"எங்கப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எந்த லெட்டரு யாருக்குன்னு அவருக்கு என்னா தெரியும்? ஒண்ணும் அறியாத மனுசன் மேல பழியப் போடாதீங்க. அவரு எங்கப்பா."

ஹோட்டலில் அவன் சொல்லாத வார்த்தையை அன்று அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ராஜலிங்கம் ஐயா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவினார்கள்.

ராஜலிங்கம் ஐயாவைப் பன்வில பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றினார்கள், பதவியையும் குறைத்து. சாமான் ஏற்றிய லொறிக்கு நானும் கை கொடுத்தேன். ஒரு அலுமாரியை அவரும் நானுமாகத்தான் தூக்கினோம்.

அடுத்து டொக்டரிடம் போனபோது, இனி வெட்டிச் சரிசெய்தால் நடக்கலாம், ஆட முடியாது என்றார். மாலைதீவுக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். தினுஷனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. டவுனில் ஒரு இரும்புக் கடையில் கதிரை போட்டு உட்கார்ந்து பில் எழுதுகிறான். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவான். படி ஏறும்போது காலை ஒரு கையால் தூக்கி வைப்பான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் தேத்தண்ணி போடுவேன்.

கமலத்தைப் போல அவனும் போய்விடுவான் என்று பயந்து செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாறையில் உட்கார்ந்து அவன் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கமலம் ஞாபகம் வரவில்லை. கேக் தட்டுத்தான் ஞாபகம் வந்தது. எழுதி வைக்காவிட்டால் அதையும் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று தோன்றியதால், தப்பால் கந்தோர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பை கட்டும் நேரத்தில், தினம் கொஞ்சமாக இதை எழுதினேன். தினுஷனிடம் கொடுக்கத்தான் எழுதினேன், அவனிடம் நேராகச் சொல்ல வராமல் வேறு யாருக்கோ சொல்வதுபோல.

ஆனால் இதைக் கொடுத்தால் எனக்கு எழுதத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். போன மாதம் அவன் எனக்கு எழுதிப் பழக ஒரு கொப்பி வாங்கி வந்தான். "அந்த லெட்டர ஒங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா இப்பிடி ஆகியிருக்காதுப்பா. அது ஏந் தப்பு, நான் சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றான். இப்போது தினமும் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறான். நேற்று அவன் பெயரை எழுதச் சொன்னான். முதல் எழுத்தைக் கோணலாக எழுதினேன். என் கையைப் பிடித்து, மெதுவாக, தானும் சேர்ந்து வளைத்து எழுத வைத்தான். "எத்தன தரம் சொன்னாலும் ஏறாதாப்பா ஒங்க மண்டையில?" என்று சிரித்தான்.

நான் முழுதாக எழுதப் படித்து முடித்ததும் இந்தத் தாள்களை அவன் கையில் கொடுத்துவிடுவேன். இன்னும் நிறைய எழுத்து இருக்கிறது. அவசரம் ஒன்றுமில்லை. அவனுக்கும் இனிப் போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை.