அஞ்சாம் வகுப்பு அம்சவள்ளி

— இருங்க இருசம்மா. பொண்ணு பேரு அம்சவள்ளின்னுதான சொன்னீங்க?

— ஆமா புஷ்பவல்லி டீச்சர். இந்தா, முந்திரிக்கொட்டை ஒடைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா பாருங்க. பத்து வயசு.

— பள்ளிக்கூடம் போறதில்ல?

— எங்க போறா. காலையில கொட்டைய முன்னாடி வச்சுக்கிட்டு ஒக்காந்தா, பொழுது சாயத்தான் எந்திரிப்பா. பள்ளிக்கூடம் போவாத புள்ளைங்கள கணக்கெடுக்கறதாத்தான சொன்னீங்க? எழுதிக்கங்க.

— எழுதறேன். அதுக்கு முன்னாடி எங்க பதிவேட்ட ஒரு தரம் பாத்துக்கறேன். ஒங்க வூட்டுக்காரர் பேரு பஞ்சநாதனா?

— அவருதான். ஆலத்தியூர் பக்கம் கல்லு ஒடைக்கப் போயிருக்காரு.

— அப்ப இவ அஞ்சாம் வகுப்பு படிக்கிறா.

— யாரு?

— இவதான். பஞ்சநாதன் மகள் அம்சவள்ளி. எம்பத்தொண்ணு ஜூன்ல சேந்திருக்கா.

— நல்லாப் படிக்கிறாளா?

— அரைப் பரீச்சையில கணக்குக்கு அறுவத்திரண்டு.

— வூட்ல நூறு வரைக்கும் எண்ணத் தெரியாது டீச்சர் அவளுக்கு.

— இந்த மாசம் ஒரு நாள்கூட லீவு போடல. சத்துணவும் சாப்பிட்டிருக்கா.

— என்னடி, சாப்ட்டியா?

— இல்லம்மா. டீச்சர், அஞ்சாவதுல எம் பக்கத்துல யாரு ஒக்காந்திருக்கா?

— ஒனக்கு அடுத்த பேரு கலியம்மாள்.

— அவ எனக்கு எதுத்தாப்புல ஒக்காந்து கொட்டை ஒடைக்கிறா டீச்சர். இப்பதான் தண்ணி குடிக்கப் போனா.

— அவளும் வர்றதில்லையா?

— இல்ல.

— அரியமுத்து?

— அவன் ஆடு மேய்க்கிறான்.

— செல்லக்கண்ணு?

— அவனும் மேய்க்கிறான். அவனுக்கு கணக்குல எவ்வளவு டீச்சர்?

— எழுவது.

— ஆடு எத்தினின்னே அவனுக்குத் தெரியாது. ஒண்ணு கொறைஞ்சா அரியமுத்துதான் சொல்லுவான்.

— நீங்க அங்கதான வேலை பாக்கறீங்க டீச்சர். ஒங்களுக்கே தெரியாதா?

— நான் வந்து மூணு மாசந்தான் ஆவுது இருசம்மா. எங்கிட்ட ஒண்ணும் ரெண்டும். மூணு, நாலு, அஞ்செல்லாம் பெரிய வாத்தியார் பொறுப்பு. பதிவேட்டையும் இன்னைக்குத்தான் கையில குடுத்தாரு, முறைப்படி ஒரு எட்டு போயிட்டு வாங்கன்னு. அம்சவள்ளி, கையக் காட்டு.

— வேணாம் டீச்சர். ஒட்டிக்கும்.

— கொட்டைப்பாலு பட்டு வெந்தது டீச்சர். சாம்பல் பூசியிருக்கோம். ஆறுறதுக்குள்ள மறுபடி பட்டுருது.

— இந்தக் கையால பென்சில் புடிக்க முடியுமா?

— முந்திரிப்பருப்பு முறியாம எடுக்கிறேன் டீச்சர். பென்சிலும் முறியாது.

— சரி. நாலு பேரையும் எழுதறேன். பள்ளிக்கு வராதவர்கள்.

— எழுதுனா பெரிய வாத்தியாருக்கு வம்பாப் போவுமா?

— அவருக்கு வம்பு. எனக்கு வேலை போவும்.

— ஒங்களுக்கு எதுக்குப் போவுது?

— நாப்பது புள்ளைங்களுக்கு மேல இருந்தாத்தான் ரெண்டாவது வாத்தியார் உண்டு. பதிவேட்டுல நாப்பத்தாறு பேரு. தெனமும் வர்றது இருவத்தொம்பது. இந்த நாலு பேர எழுதுனா மிச்சத்தையும் எண்ணிப் பாப்பாங்க. அந்த ரெண்டாவது வாத்தியார் நான்தான். இன்னும் நெரந்தரம் ஆவல.

— அப்ப எழுதாதீங்க. நீங்களும் புள்ளைகுட்டிக்காரங்க. இவ படிக்கிறான்னே இருந்துட்டுப் போவட்டும். எங்களுக்கென்ன நட்டம்.

— எழுதிட்டேன் இருசம்மா. மையில எழுதிட்டேன்.

— அடிச்சுடுங்க.

— அடிச்சா, ஏன் அடிச்சேன்னு பக்கத்துல எழுதி முறைப்படி கையெழுத்துப் போடணும். என்னன்னு எழுதறது?

— எனக்கு என்ன டீச்சர் தெரியும். கைநாட்டு வைக்கறவ.

— எனக்கும் தெரியல. இருக்கட்டும். திங்கக்கெழமை இவள அனுப்பி வைங்க. நான் இருக்கிற வரைக்கும் சொல்லிக் குடுக்கறேன்.

— அஞ்சாவதுக்கா?

— ஒண்ணாவதுக்கு. எங்கிட்ட.

— போறியாடி?

— போறேம்மா. கலியம்மாவும் வரலாமா டீச்சர்?

— வரட்டும்.

— அனுப்பறேன் டீச்சர். வேலைக்கு நான் ரெண்டு மூட்டை கூட ஒடைச்சுக்கறேன். அவரு வந்தாலும் சொல்லிக்கறேன்.

— இவ்வளவு சட்டுன்னு சரிங்கிறீங்க. அப்பறம் ஏன் இருசம்மா நாலு வருசமா அனுப்பாம வச்சிருந்தீங்க? ஆறு வயசுலயே கொண்டாந்து விட்டிருக்கலாம்ல?

— விட்டேனே டீச்சர். தலை சீவி, புதுப் பாவாடை கட்டி நாந்தான் கூட்டியாந்தேன். இந்தத் தெருவுல எல்லாருந்தான் வந்தோம். பெரிய வாத்தியாரு பேரெல்லாம் எழுதிக்கிட்டு, இப்ப ஒக்கார எடமில்ல, எடம் வந்ததும் ஆளு வுட்டுச் சொல்றேன்னாரு. இன்னைக்கு நீங்க தெருமொனையில திரும்புனப்ப, அதுக்குத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன்.