கூடத்துக் கமரா

கந்தப்பளைக் குளிரில் துணி காய மூன்று நாள் எடுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கணினி ஆசிரியனாக இங்கே மாற்றலாகி வந்தபோது எனக்கிருந்த பெரிய குறை அதுதான். பிரதீபனின் பலசரக்குக் கடைக்கு மேலே, அவர்களுடைய வீட்டை ஒட்டிய அறையை வாடகைக்கு எடுத்தேன். முதல் வாரமே அவருடைய மனைவி சீதாலெட்சுமி என் ஈரச் சட்டைகளைத் தங்கள் அடுப்படிக் கொடியில் போடச் சொன்னார். நல்ல மனிதர்கள். சட்டத்தரணி அம்மா, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுக் கமராப் படத்தை வெளியார் யாராவது பார்த்திருக்க முடியுமா என்று கேட்டீர்கள். பிரதீபனைக் கொண்டுபோய்ப் பத்து மாதமாகிறது. இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். ஒரு சொல்லில் பதில் சொன்னால் பிழையாக விளங்கிவிடும். ஆனபடியால் ஒழுங்காகவே சொல்கிறேன்.

2006 ஆடியில் என் மனைவி ஊர்மிளா, சுகமில்லாத தகப்பனைப் பார்க்க மகள் கௌசியோடு கிளிநொச்சிக்குப் போனாள். கௌசிக்கு அப்போது நாலு வயது. அடுத்த மாதம் போர் தொடங்கிப் பாதை மூடப்பட்டது. கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 2008 புரட்டாசியோடு அவையும் நின்றுபோயின. அதற்குப் பிறகு நான் செய்திகளைத்தான் வாசித்தேன். காலையில் எழுந்து கணினியைத் திறப்பேன், செத்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுவேன், பிறகு பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துவேன். சாப்பாடு இறங்காது. குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத நாட்களும் உண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக.

அந்த வருடம்தான் சிங்கப்பூரிலிருந்து பிரதீபனின் மைத்துனர் நாலு கமரா அனுப்பினார். நான்தான் பூட்டிக் கொடுத்தேன். கடை வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று, சாமான் அறையில் ஒன்று. நாலாவது மேலே வீட்டுக் கூடத்தில். சீதாலெட்சுமி கடையில் நிற்கும்போது, மகள் தக்ஷிகா மேலே என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்காக. தக்ஷிகாவுக்கு ஆறு வயது. கௌசிக்கும் ஆறு.

"காசெல்லாம் வேணாம்னுட்டீங்க. அப்ப நம்ம இன்டர்நெட்டையே நீங்களும் பாவிங்க சேர்" என்றார் பிரதீபன். அப்படித்தான் என் கணினியும் அவர்களுடைய கமராக்களும் ஒரே இணைப்பில் வந்தன.

மாணவருக்குத் தகவல் எப்படிப் பயணம் செய்கிறது என்று காட்ட என்னிடம் ஒரு மென்பொருள் இருந்தது. ஒருநாள் பின்னேரம் பாடம் ஆயத்தப்படுத்த அதை என் அறையில் ஓடவிட்டேன். கமராக்களின் படம் வரிவரியாக என் திரையில் ஓடியது. கடைக் கணினியில் பார்ப்பதற்குக் கடவுச்சொல் கேட்கும். ஆனால் கமராவிலிருந்து அந்தக் கணினிக்குப் போகும் வழியில் படத்துக்கு ஒரு மறைப்பும் இல்லை. அஞ்சலட்டை மாதிரி. வழியில் நிற்கிற எவரும் வாசிக்கலாம். கடவுச்சொல்லும் அதே மாதிரித்தான் போய்க்கொண்டிருந்தது.

விடிந்ததும் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கூடத்துக் கமராவில் தக்ஷிகா தரையில் குப்புறப் படுத்து இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தாள். கௌசிக்கும் இடக்கைதான். அன்று நான் சோறு சாப்பிட்டேன்.

பிறகு ஒருமுறை பிரதீபன் தானாகவே கேட்டார். "சேர், இத வெளியாளுங்க யாரும் பார்க்க ஏலாதில்ல?"

"வெளியாட்கள் ஒருத்தரும் பார்க்க ஏலாது" என்றேன். அது பொய்யில்லை. நான் வெளியாள் இல்லை.

அவர்கள் சாப்பிட உட்காரும்போது நானும் தட்டோடு உட்காருவேன். சத்தம் வராது, படம் மட்டும்தான். ஒருநாள் பிள்ளை நாற்காலிமேல் நாற்காலி வைத்து அலுமாரியில் ஏறினாள். நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அவள் இறங்கிவந்து திறந்தாள். "உப்புக் கேக்க வந்தன் பிள்ளை" என்றேன். அன்று அந்தப் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியது நான்தான் என்பது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. நன்றியை எதிர்பார்த்து நான் எதையும் செய்ததில்லை.

2009 மாசி மாதம் பிரதீபன் என் அறைக்கு வந்தார். கதவடியில் நின்றபடியே சொன்னார்.

"சேர், நாங்க திருச்சிக்குப் போயிடலாம்னு இருக்கோம். மாமா அங்க கடை பார்த்து வச்சிருக்காங்க. விசா வந்திருச்சி. இங்க பயந்து பயந்து எத்தன நாளைக்குத்தான் இருக்கிறது?"

"எப்ப பயணம்?"

"அடுத்த மாசம் அஞ்சாந் தேதி. நீங்களும் கொஞ்சம் வெளியில தெருவில போயிட்டு வாங்க சேர். மெலிஞ்சிட்டீங்க."

அந்தக் கிழமை வன்னிப் போரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே என் பிள்ளை இருக்கிறாளா என்று தெரியாது. இங்கே கூடத்தில் பெட்டி அடுக்குகிறார்கள். சட்டைகளை மடித்து மடித்து வைக்கிறார்கள். நான் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நாலாம் நாள் பகல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போய், ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து, சந்தேகத்துக்குரியவர்களைப் பற்றி அறிவிக்கச் சொல்லிப் பாதுகாப்புப் பிரிவு ஒட்டியிருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களம் போதுமாயிருந்தது.

ஒரு பொய்யும் சொல்லவில்லை. தை மாதம், போர் நடக்கிற பகுதியை ஒட்டிய வவுனியாவிலிருந்து மரக்கறி ஏற்ற வந்த லொறி பழுதாகி, அதன் சாரதி ஆரூரன் இரண்டு நாள் அந்தக் கூடத்தில் படுத்திருந்தார். திகதி, பையின் நிறம், எந்தச் சுவரோரம் படுத்தார், பிரதீபன் அவருக்கு ஒரு கடித உறை கொடுத்தது, எல்லாவற்றையும் பார்த்தபடியே சொன்னேன். லொறி பழுது என்பதை அவர்கள் கேட்கவில்லை. இரண்டு நாள் வைத்து விசாரிப்பார்கள், கடவுச்சீட்டை வாங்கி வைப்பார்கள், பயணம் நின்றுவிடும். இவ்வளவுதான் என் கணக்கு. ஆரூரனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எவரும் இதுவரை கேட்கவுமில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாகனத்தில் வந்தார்கள். நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரதீபன் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்த சீனியைத் திரும்பச் சாக்குக்குள் கொட்டி, கையைத் துடைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு கூடப் போனார். சீதாலெட்சுமியின் வாய் அசைந்தது. சத்தம் சுவர் வழியாக வந்தது.

வந்தவர்கள் அந்தக் கடித உறையைப் பற்றிக் கேட்டதால், கூடத்துக்குள் நடந்தது எப்படி வெளியே போனது என்று அந்த வீட்டில் யோசித்தார்கள். கடையில் பதினொரு வருடம் வேலை செய்த சோலைமலைமேல் சந்தேகம் விழுந்தது. "நான் அந்தப் பாவத்த செய்வேனாங்க அக்கா?" என்று அவர் படியில் உட்கார்ந்து அழுதார். அவரை வேலையிலிருந்து நிற்பாட்டும் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால்.

அதன் பிறகு எல்லா வேலையும் நான்தான். சீதாலெட்சுமியோடு அலுவலகம் அலுவலகமாகப் போனேன். முப்பத்தொரு மனு எழுதினேன். உங்கள் கோப்பில் இருப்பதெல்லாம் என் எழுத்து. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: வாகன இலக்கம் என்ன? வந்தவர்கள் கடைக் கணினியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 'இனந்தெரியாத நபர்கள், இலக்கம் தெரியாத வாகனம்' என்று எழுதினேன்.

அந்தப் படம் என் கணினியில் பதிவாகியிருக்கிறது. வாசல் கமரா. இலக்கம் தெளிவாகத் தெரிகிறது, இரண்டு பேரின் முகமும். கொடுத்திருந்தால் அது எப்படி என்னிடம் வந்தது என்று கேட்டிருப்பார்கள். பிறகு அந்த வீட்டுக்கு ஒரு ஆண்துணையும் இல்லாமல் போயிருக்கும்.

ஊர்மிளாவும் கௌசியும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனியில் வவுனியா முகாமிலிருந்து கடிதம் வந்தது. இப்போது யாழ்ப்பாணத்தில், என் தமக்கை ஜெகதீஸ்வரி வீட்டில். கௌசிக்குக் காலில் காயம், ஆனால் நடக்கிறாள். வரச் சொல்லி எழுதுகிறார்கள். இந்தக் குடும்பத்தை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று பதில் போட்டிருக்கிறேன்.

ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்பீர்கள். போன கிழமை சீதாலெட்சுமி என்னிடம் வந்து, "இனி அவங்க வரமாட்டாங்க சேர். எனக்குத் தெரிஞ்சி போச்சி. பிள்ளயக் கூட்டிக்கிட்டு திருச்சிக்கே போயிடுறேன்" என்றார். பெட்டிகளை மறுபடி கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இந்தாருங்கள், இந்த இறுவட்டில் எல்லாம் இருக்கிறது. வாகன இலக்கம் கிடைத்துவிட்டது என்று இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். யார் தந்தது என்று மட்டும் சொல்ல வேண்டாம். பின்னேரத்தில் தக்ஷிகாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லை. இலக்கத்தைக் கண்டால் அவர் தேடாமல் இருக்கமாட்டார். வழக்கு நடக்கும். எத்தனை வருடமானாலும் நான் கூடவே இருந்து மனு எழுதிக் கொடுப்பேன்.